கொலஸ்ட்ரால் மாத்திரை ஆரம்பிக்கலாமா? வயசு 46, ஒரு தொந்தரவும் இல்ல

கல்மண்டபம்_கார்கோ | ஞாயிறு காலை 7.12

வணக்கம் மக்களே. கம்பெனில வருஷா வருஷம் எடுக்குற மாஸ்டர் செக்கப், இந்த தடவ ரிப்போர்ட் வந்ததுல இருந்து தூக்கம் போச்சு. மொத்த கொலஸ்ட்ரால் 248, கெட்ட கொலஸ்ட்ரால்ன்ற எல்டிஎல் 168, நல்ல கொலஸ்ட்ரால்ன்ற ஹெச்டிஎல் 36, ரத்தத்துல இருக்குற இன்னொரு கொழுப்பு ட்ரைகிளிசரைட் 220. டாக்டர் ரிப்போர்ட்ட ரெண்டு நிமிஷம் கூட பாக்கல, ரோசுவாஸ்டாட்டின் 10 எழுதி குடுத்து நைட்டு ஒண்ணு போடுங்க, கன்டினியூ பண்ணுங்கன்னுட்டாரு. எத்தன நாளைக்கு சார்னு கேட்டேன், சிரிச்சாரு. எனக்கு நெஞ்சு வலி கெடையாது, மூச்சு வாங்கல, மணலி பக்கம் கன்டெய்னர் யார்டுல சூப்பர்வைசர், நாள் பூரா நடந்துகிட்டேதான் இருக்கேன். பெருசா கெட்ட பழக்கமும் இல்ல. மாத்திரைய வாங்கி டிவி மேல வெச்சு ஒம்போது நாள் ஆவுது, தெனமும் அது என்ன பாக்குது நான் அத பாக்குறேன். ஒரு தடவ ஆரம்பிச்சா சாவுற வரைக்கும் விட முடியாதுன்றாங்க, கிட்னி போயிடும்ன்றாங்க, ஆம்பளைங்களுக்கு அந்த விஷயமும் போயிடும்னு யார்டுல ஒருத்தன் பீதிய கெளப்பிட்டான். போட்டவங்க யாராச்சும் சொல்லுங்கப்பா.

காசிமேடு_எறா | காலை 7.31

தல, மாத்திர டிவி மேல இருந்தா டிவிக்குதான் கொலஸ்ட்ரால் எறங்கும்.

மின்ட்_மாமா | காலை 7.50

தம்பி, நான் டாக்டர் இல்ல, முப்பது வருஷம் சௌகார்பேட்டைல கணக்கு எழுதினவன், அதனால கணக்கு மட்டும் சொல்றேன். 1995ல ஸ்காட்லாந்துல நடந்த ஒரு பெரிய ஆராய்ச்சி வெளியாச்சு, வாஸ்காப்ஸ்னு பேரு. 45லேர்ந்து 64 வயசு ஆம்பளைங்க மட்டும், அதுவரைக்கும் ஹார்ட் அட்டாக் வராதவங்க, மொத்தம் 6,595 பேரு. பாதி பேருக்கு உன் மாத்திரையோட ஜாதிதான், ப்ராவாஸ்டாட்டின் 40, பாதி பேருக்கு வெறும் டம்மி மாத்திரை, சுமார் அஞ்சு வருஷம். டம்மி பக்கம் 248 பேருக்கு அட்டாக் இல்லன்னா இதயத்தால சாவு. மருந்து பக்கம் 174. இத 31 சதவீதம் கொறஞ்சுதுன்னு போர்டு வெச்சு விப்பாங்க. பொய் இல்ல. ஆனா ஒரு பக்கத்துக்கு ஏறக்கொறைய 3,300 பேரு, வித்தியாசம் 74 பேரு. அப்டின்னா 45 பேரு அஞ்சு வருஷம் தெனமும் முழுங்குனா ஒருத்தர் தப்பிக்கிறாரு. அந்த ஒருத்தன் நீயா இல்லையான்னு எந்த டாக்டருக்கும் தெரியாது. அதவிட இன்னொண்ணு, அந்த ஸ்காட்லாந்துக்காரங்களுக்கு சராசரி எல்டிஎல் 192, உனக்கு 168தான். அவசரப்படாத.

எண்ணூர்_எக்ஸ்பிரஸ் | காலை 8.15

இதெல்லாம் மருந்து கம்பெனி பண்ற வேல ப்ரோ. கொலஸ்ட்ரால்ன்றதே உடம்புக்கு தேவையான பொருள், மூளையே அதுலதான் ஓடுது. இஞ்சி சாறு, பூண்டு சாறு, எலுமிச்ச சாறு, ஆப்பிள் சைடர் வினிகர் நாலையும் சமமா கொதிக்க வெச்சு தேன் கலந்து காலைல வெறும் வயித்துல ஒரு ஸ்பூன். என் மச்சானுக்கு நாப்பதே நாள்ல அடைப்பு கரஞ்சிடுச்சு. எதுக்கு கெமிக்கல், இயற்கைல இல்லாததா?

காசிமேடு_எறா | காலை 8.20

அடைப்பு கரஞ்சத உன் மச்சான் எதுல பாத்தாரு? எக்ஸ்ரேலயா?

மருந்துக்கடை_அக்கா | காலை 9.40

எண்ணூர் அண்ணா, இயற்கைன்னு சொன்னீங்க பாருங்க, அதுக்கு ஒரு கத சொல்லணும். நான் பி.ஃபார்ம், பழைய வண்ணாரப்பேட்டைல கட. இந்த ஸ்டாட்டின் மாத்திரைங்க மொதல்ல வந்ததே பூஞ்சைல இருந்துதான். ஜப்பான்ல அகிரா எண்டோன்னு ஒருத்தர், ஆறாயிரத்துக்கும் மேல பூஞ்ச, கிருமின்னு ஒவ்வொண்ணா சோதிச்சு, கடைசில 1973ல அரிசில வர்ற நீலப்பச்ச பூஞ்சைல இருந்து மொத ஸ்டாட்டின புடிச்சாரு. 2024லதான் அந்த மனுஷன் போனாரு. அப்புறம் 1987ல அமெரிக்கால லோவாஸ்டாட்டின் கடைக்கு வந்துச்சு, அதுவும் பூஞ்ச சரக்குதான். இப்ப ஆன்லைன்ல இயற்கை மருந்துன்னு ரெட் ஈஸ்ட் ரைஸ் மாத்திரை விக்கிறாங்க இல்ல, அதுல இருக்குறதே அந்த லோவாஸ்டாட்டின்தான், என்ன, டப்பாவுக்கு டப்பா எவ்ளோ இருக்குன்னு எவனுக்கும் தெரியாது. நம்ம ஊரு மாப்பிள்ளை சம்பாவ அதோட கொழப்பிக்காதீங்க, அது வேற.

கார்கோ அண்ணா, ரிப்போர்ட்ட நான் கூட்டி பாத்தேன், 248ல ஹெச்டிஎல் 36 போச்சு, ட்ரைகிளிசரைட்ல அஞ்சுல ஒரு பங்கு 44 போச்சு, மீதி 168. அதாவது எல்டிஎல் நேரா அளக்கல, கணக்கு போட்டு எழுதிருக்காங்க. தப்பில்ல, ட்ரைகிளிசரைட் 400 தாண்டுனாதான் இந்த கணக்கு ஒதவாது. ஆனா 168ன்றத மட்டும் வெச்சு போடலாமா வேணாமான்னு யாரும் சொல்ல முடியாது. நீங்க எழுதாத விஷயத்த கேக்குறேன், சிகரெட் உண்டா, பிபி எவ்ளோ, மூணு மாச சுகர் எவ்ளோ, தைராய்டு பாத்தீங்களா, அப்பா எப்டி இருக்காரு?

கல்மண்டபம்_கார்கோ | மதியம் 1.05

சாப்ட்டு வந்தேன் அக்கா. சிகரெட் ஒரு அஞ்சு ஆறு, யார்டுல டீக்கு மட்டும்தான், வீட்ல இல்ல. பிபி 142/90 இருந்துச்சு, ஆனா அது அந்த நர்ஸ் கைல பட்டைய சுத்துனாலே எனக்கு ஏறிடும். மூணு மாச சுகர் 5.9. தைராய்டு பாக்கல.

அப்பா இல்ல. 98ல போனாரு, 51 வயசு. ஹார்பர்ல வேல. ராத்திரி சாப்ட்டு வாயு புடிச்சிகிச்சுன்னு சோடா வாங்கிட்டு வர சொன்னாரு, நான் ராயபுரம் பிரிட்ஜ் கிட்ட கட தேடி வாங்கிட்டு வர்றதுக்குள்ள முடிஞ்சு போச்சு. நான் அப்ப பாலிடெக்னிக். அத வாயுன்னுதான் வீட்ல இன்னிக்கும் சொல்லுவாங்க.

காசிமேடு_எறா | மதியம் 1.11

இன்னா தல நீ, கெட்ட பழக்கம் இல்ல, தொந்தரவு இல்லன்னு எழுதிட்டு மெயின் மேட்டர மூட்ட கட்டி அடில வெச்சிகினு கீற.

மின்ட்_மாமா | மதியம் 1.48

தம்பி, காலைல நான் சொன்ன கணக்க வாபஸ் வாங்கல, ஆனா அதுல மொத வரிய மாத்தணும். மருந்து எல்லாருக்கும் ஏறக்கொறைய அதே பங்குதான் கொறைக்கும், யாருக்கு எவ்ளோ லாபம்ன்றது அவன் கைல மொதல்ல எவ்ளோ ஆபத்து இருக்குன்றத பொறுத்தது. ஒரு பேச்சுக்கு கால்வாசி கொறையுதுன்னு வெய்யி. நூத்துக்கு நாலு பேருக்கு வர்ற கூட்டத்துல ஒருத்தன் தப்பிப்பான், நூத்துக்கு இருவது பேருக்கு வர்ற கூட்டத்துல அஞ்சு பேரு தப்பிப்பாங்க. நீ காலைல மொத கூட்டத்துல நிக்கிற மாதிரி எழுதின. இப்ப பாத்தா ரெண்டாவது கூட்டத்து பக்கம் போய் நிக்கிற. அப்பா 51ன்றது சின்ன விஷயமே இல்லடா.

மருந்துக்கடை_அக்கா | மாலை 4.30

மாமா சொன்னதுதான் விஷயமே. நம்ம ஆளுங்களுக்கு இது சீக்கிரமா வேற வருது, 52 நாடுகள்ல எடுத்த இன்டர்ஹார்ட்னு ஒரு ஆராய்ச்சி, 2004ல வந்துச்சு, அதுல நம்ம தெற்காசிய ஆளுங்களுக்கு மொத அட்டாக் மத்தவங்கள விட அஞ்சாறு வருஷம் முன்னாடி வருதுன்னு இருந்துச்சு, 53 வயசு பக்கம். கடைல நிக்கிற எனக்கு அது ஆச்சர்யமே இல்ல. அம்பது தாண்டாத வீட்டுக்காரருக்கு ஸ்டென்ட் வெச்சுட்டு சீட்ட எடுத்துட்டு வர்ற பொம்பளைங்க வாரத்துக்கு ரெண்டு பேராச்சும் வர்றாங்க.

தொந்தரவு இல்லன்னு சொன்னீங்களே அண்ணா, அத பத்தி. கொழுப்பு கொழாய்ல பாசி மாதிரி படிஞ்சு படிஞ்சு கடைசில மூடிக்கும்னு எல்லாரும் நெனைக்கிறாங்க. நெறைய அட்டாக் அப்டி வர்றதில்ல. ரத்தக்கொழாய் செவுத்துக்குள்ள கொழுப்பு சேந்து கொப்புளம் மாதிரி இருக்கும், கொழாய பாதி கூட அடச்சிருக்காது, நடந்தாலும் ஓடுனாலும் ஒண்ணும் தெரியாது, ஒரு நாள் அது வெடிக்கும், வெடிச்ச எடத்துல ரத்தம் உறைஞ்சு கொஞ்ச நேரத்துல முழுசா மூடிக்கும். அதனாலதான் போன வாரம் ட்ரெட்மில் நார்மல்னு வந்தவருக்கு இந்த வாரம் வருது. சிகரெட் அந்த ரத்தம் உறையுறத இன்னும் சுலபமாக்குது.

மாத்திரை என்ன பண்ணுதுன்னா, உங்க பாஷைலயே சொல்றேன். உடம்புல இருக்குற கொலஸ்ட்ரால்ல பெரும் பங்கு சாப்பாட்டுல வர்றதில்ல, நம்ம உடம்பே தயார் பண்றதுதான், அதுல கல்லீரல்தான் பெரிய கம்பெனி. மாத்திரை அந்த உற்பத்திய கொறைக்கும். உள்ள சரக்கு கொறஞ்சதும் கல்லீரல் வெளில இருந்து எடுக்க ஆரம்பிக்கும், தன் மேல கொக்கி கொக்கியா மொளைக்க விட்டு ரத்தத்துல சுத்திகிட்டு இருக்குற எல்டிஎல்ல இழுத்துக்கும். யார்டுல கிளியரன்ஸ் ஆகாம குமிஞ்சி கெடக்குற கன்டெய்னர ரெண்டு லாரிக்கு பதிலா பத்து லாரி வந்து தூக்குற மாதிரி. அந்த கொக்கிய கண்டுபுடிச்ச பிரவுன், கோல்ட்ஸ்டீன்னு ரெண்டு பேருக்கு 1985ல நோபல் குடுத்தாங்க.

சுகர், இத மறைக்க மாட்டேன். ஸ்டாட்டின் சுகர லேசா ஏத்தும், 255 பேரு நாலு வருஷம் போட்டா ஒருத்தருக்கு கூடுதலா சுகர் வருதுன்னு கணக்கு. பெரும்பாலும் ஏற்கனவே எல்லைல நிக்கிறவங்களுக்கு. நீங்க 5.9, எல்லைலதான் நிக்கிறீங்க, அதனால அத பாத்துக்கணும். ஆனா அந்த பயத்துல இத விடுறது லாபம் இல்ல. தைராய்ட ஒரு தடவ பாருங்க, அது மந்தமா இருந்தா எல்டிஎல் தானா ஏறி நிக்கும். பிபிய வீட்ல ஒக்காந்து நாலு நாள் பாருங்க, நர்ஸ் மேல பழி போடாதீங்க.

எண்ணூர்_எக்ஸ்பிரஸ் | மாலை 5.02

கட வெச்சிருக்குறவங்க மாத்திர வேணாம்னா சொல்லுவாங்க 😄

மருந்துக்கடை_அக்கா | மாலை 5.09

ஸ்டான்லி கவர்மென்ட் ஆஸ்பத்திரில பாத்தா இத சும்மா குடுப்பாங்க அண்ணா, எங்க கடைக்கு வராதீங்க, சந்தோஷமா போங்க.

வியாசர்பாடி_விங்பேக் | மாலை 6.40

மாத்திரை இல்லாம எக்சர்சைஸ்லயே கொறைக்கலாம் ப்ரோ, நான் 33, வாரத்துல நாலு நாள் கிரவுண்டு, 64 கிலோ, சிகரெட் தண்ணி எதுவும் இல்ல. சும்மா ஒரு ஆஃபர்ல டெஸ்ட் எடுத்தேன், எனக்கே எல்டிஎல் 214 வந்துச்சு, லேப் தப்புன்னு தூக்கி போட்டுட்டேன். ஓடுறவனுக்கு எங்க இருந்து கொழுப்பு.

மருந்துக்கடை_அக்கா | மாலை 6.52

தம்பி தூக்கி போட்டத எடுங்க. ஒல்லியா இருந்து ஓடியாடி 190க்கு மேல எல்டிஎல் நின்னா அது பரம்பரையா வர்றதா இருக்கலாம், ஏறக்கொறைய 250 பேர்ல ஒருத்தருக்கு அப்டி இருக்கு. அந்த கொக்கி பொறக்கும்போதே பழுது. அப்பா அம்மாவுக்கு கண்ணு கருமணிய சுத்தி வெள்ளையா வளையம், கண் எம மேல மஞ்சளா திட்டு, குதிகாலுக்கு மேல பின்பக்க தசைநார் தடிப்பா இருக்கா? வீட்ல சின்ன வயசுல யாராச்சும்?

வியாசர்பாடி_விங்பேக் | மாலை 7.15

அம்மாவுக்கு கண் எமைல மஞ்சளா இருக்கு அக்கா. அழகுக்கு எடுத்துக்கலாம்னு சொல்லிகிட்டு இருந்தோம். மாமா 42ல போனாரு. கிரவுண்டுக்கு போறேன் வந்து பேசுறேன்.

மின்ட்_மாமா | மாலை 7.21

கிரவுண்ட விட்டுட்டு மொதல்ல லேபுக்கு போடா. இன்னொரு தடவ எடு, அதோட நேரா இதய டாக்டர பாரு. உனக்கு என் 45 பேர் கணக்கெல்லாம் கெடையாது, அது வேற கத.

காசிமேடு_எறா | இரவு 9.58

ஏலம் முட்ஞ்சி தூங்கி எந்திரிச்சு இப்பதான் படிச்சேன். நான் காலைல ஜோக்கு அட்ச்சிகினு கீறேன்னு நெனிக்காதீங்கோ, எனக்கு ரெண்டு ஸ்டென்ட் கீது. 47ல எனக்கும் இதே மாரி ரிப்போர்ட்டு, இதே மாரி மாத்திர, நாலு மாசம் போட்டேன், தொட வலி எட்த்துச்சு, மாத்திரதான் காரணம்னு நானே நிறுத்திட்டேன், யாருக்கும் சொல்லல. அப்பறம் பாத்தா ஐஸ் பொட்டி தூக்குறவனுக்கு தொட வலிக்காம இன்னா வலிக்கும். ரெண்டு வருஷம் கழிச்சு விடிகால நாலு மணி, வஞ்சிரம் ஏலம் ஓடிகினு கீது, தாடைல இருந்து கை வரைக்கும் ஒரு வலி, பல்லு வலின்னு நெனச்சேன். பக்கத்துல இருந்த பையன்தான் விடாம பைக்ல இஸ்துகினு போனான். எங்க ஏரியா சுகாதார நெலயத்துல கை நெறைய மாத்திர குட்த்தாங்கோ, பதினாலு, முழுங்க சொல்லிட்டு 108ல ஏத்துனாங்கோ. அந்த பதினாலுல எட்டு இன்னா தெர்மா? நான் நிறுத்துனேனே, அதே ஜாதி, அட்டோர்வாஸ்டாட்டின். நிறுத்துனதாலதான் வந்துச்சான்னு டாக்டராண்ட கேட்டேன், அப்டி சொல்ல முடியாது, போட்டுகினு இருந்தாலும் வந்துருக்கலாம்னாரு. ஆனா எனக்கு அந்த கேள்வி போவ மாட்டேங்குது.

பெரம்பூர்_பெருசு | இரவு 10.20

எறா சொன்ன அந்த பதினாலு மாத்திரை தமிழ்நாடு அரசோட இதயம் காப்போம் திட்டம், 2023லேர்ந்து ஆரம்ப சுகாதார நிலையங்கள்ல இருக்கு, ரத்தம் உறையாம இருக்க ரெண்டு ஆஸ்பிரின், நாலு க்ளோபிடோக்ரல், அதோட எட்டு அட்டோர்வாஸ்டாட்டின் 10. நெஞ்ச புடிச்சா சோடா கடைய தேடாம அங்க ஓடணும். நான் ரயில்வே ரிட்டயர்டு, நம்ம பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரிலதான் 1975ல நாட்டுலயே மொத பைபாஸ் பண்ணாங்க, செரியன் டாக்டர், அப்ப நான் ஒர்க்‌ஷாப்ல சேந்த புதுசு, ஊரே அத பத்திதான் பேசும். அந்த காலத்துல வந்தப்பறம் வெட்டி தைக்கிறதுதான் இருந்துச்சு, வராம தடுக்க இந்த ஸ்டாட்டின் மாத்திரைன்னு ஒண்ணு அப்ப கடைக்கு வரவே இல்ல.

மின்ட்_மாமா | இரவு 10.41

தொட வலி மேட்டர்ல ஒரு ஆராய்ச்சி இருக்கு எறா, எனக்கு ரொம்ப புடிச்சது. லண்டன்ல, 2020ல வந்துச்சு, சாம்சன்னு பேரு. வலி அது இதுன்னு தொந்தரவு சொல்லி ஸ்டாட்டின நிறுத்துன 60 பேருக்கு பன்னண்டு டப்பா குடுத்தாங்க, மாசத்துக்கு ஒண்ணு. நாலுல மருந்து, நாலுல டம்மி, நாலு காலி டப்பா. எது மருந்து எது டம்மின்னு தெரியாது. தெனமும் எவ்ளோ தொந்தரவுன்னு நூத்துக்கு மார்க் போட சொன்னாங்க. காலி டப்பா மாசத்துல 8, டம்மி மாசத்துல 15, மருந்து மாசத்துல 16. பாத்தியா? தொந்தரவு நெசம்தான், யாரும் நடிக்கல, ஆனா அதுல பத்துல ஒம்போது பங்கு மாத்திரை போடுறோம்ன்ற நெனப்புலயே வந்துச்சு. நான் சந்தேகப்படுறவன்தான், ஆனா சந்தேகம் ரெண்டு பக்கமும் படணும்.

மருந்துக்கடை_அக்கா | இரவு 10.55

ஆமா, ஆனா அந்த பத்துல ஒரு பங்கும் நெசம். சதை முழுக்க அடிச்சு போட்ட மாதிரி வலிச்சு மூத்திரம் டீ டிகாஷன் கலர்ல போனா உடனே நிறுத்திட்டு டாக்டர்ட்ட ஓடணும், ரொம்ப அபூர்வம் ஆனா இருக்கு. சளிக்கு கிளாரித்ரோமைசின் மாதிரி ஆன்டிபயாடிக் எழுதுனா அட்டோர்வா, சிம்வா வகை ஸ்டாட்டின் போடுறவங்க முன்னாடியே சொல்லிடணும், சேந்தா வம்பு. வலி லேசா இருந்தா டோஸ கொறைக்கலாம், வேற ஸ்டாட்டினுக்கு மாத்தலாம், நீங்களா நிறுத்த வேணாம். கார்கோ அண்ணா, யார்டு பையன் சொன்ன அந்த விஷயத்துக்கு பயப்படாதீங்க, அத கெடுக்குறது உங்க டீ டைம் சிகரெட்தான். நேரமும் நைட்டேன்னு இல்ல, ரோசுவா எப்ப வேணா போடலாம், மறக்காத நேரமா பாத்துக்கோங்க. நிறுத்துனா சில வாரத்துல எல்டிஎல் பழைய எடத்துக்கு போயிடும், அதான் தொடர்ந்து போடணும்ன்றது, அடிமையாகுறதெல்லாம் இல்ல.

காசிமேடு_எறா | இரவு 11.02

அக்கா எறா துன்னலாமா? என் பேர்லயே கீது, பொண்டாட்டி வூட்டாண்ட எறாவ தட செஞ்சிட்டா.

மருந்துக்கடை_அக்கா | இரவு 11.06

எறால கொலஸ்ட்ரால் இருக்கு, ஆனா எல்டிஎல்ல ஏத்துற கெட்டிக் கொழுப்பு அதுல கம்மி. அளவா சாப்டலாம், தேங்கா அரச்சு ஊத்தி பாமாயில்ல பொரிச்சா அது எறா மேல தப்பில்ல.

எண்ணூர்_எக்ஸ்பிரஸ் | இரவு 11.30

பூண்டு சாப்டறதுல தப்பு ஒண்ணும் இல்லல்ல?

மருந்துக்கடை_அக்கா | இரவு 11.33

ரசத்துல தாராளமா அண்ணா.

கல்மண்டபம்_கார்கோ | பத்து வாரம் கழிச்சு, ஞாயிறு காலை 8.05

இழைய மேல தூக்குறேன், மன்னிக்கணும் லேட்டாயிடுச்சு. அன்னிக்கு நைட்டு வீட்டம்மா இது முழுக்க படிச்சாங்க, அப்பா விஷயத்துல நின்னுட்டாங்க, ஒண்ணும் சொல்லல, மாத்திரைய டிவி மேல இருந்து எடுத்து பல்பொடி டப்பா பக்கத்துல வெச்சாங்க. தைராய்டு நார்மல். வீட்டு பிபியும் 140 பக்கம்தான் நின்னுச்சு, அதுக்கு ஒரு மாத்திரை தனியா ஆரம்பிச்சிருக்கு. வேற டாக்டர போய் பாத்தேன், அப்பா 51னு மொத வார்த்தையா சொன்னேன், அவரு பேனாவ கீழ வெச்சிட்டு அர மணி நேரம் பேசுனாரு. நேத்து ரிப்போர்ட், எல்டிஎல் 97, ட்ரைகிளிசரைட் 160. நான் குதிச்சேன், அவரு குதிக்கல, உன் கணக்குக்கு 70க்கு கீழ வரணும்னாரு, இந்திய இதய டாக்டருங்க சங்கம் 2024ல அப்டிதான் சொல்லிருக்காம். டோஸ ரெண்டு மடங்கு பண்ணலாமான்னு கேட்டேன், இரட்டிப்பாக்குனா கூடுதலா ஆறு சதவீதம்தான் கெடைக்கும், அதுக்கு பதிலா எஸெட்டிமைப்னு இன்னொரு கொலஸ்ட்ரால் மாத்திரைய சேக்கலாம், ஆனா அதுக்கு முன்னாடி சிகரெட்ட விடு, ரெண்டு மாசம் டைம் தர்றேன்னாரு. ஆறு இருந்தது ரெண்டாச்சு. அந்த ரெண்டு போவ மாட்டேங்குது.

மின்ட்_மாமா | காலை 8.19

எந்த ரெண்டுடா?

கல்மண்டபம்_கார்கோ | காலை 8.22

காலைல மொத டீ, சாயங்காலம் லாஸ்ட் கன்டெய்னர் போனப்பறம்.

மின்ட்_மாமா | காலை 8.25

சாயங்காலத்த மொதல்ல விடு. அப்ப வேல முடிஞ்சிருக்கும், கை சும்மா இருக்கும், எனக்கு போன் போடு.

வியாசர்பாடி_விங்பேக் | காலை 9.02

நானும் ஒரு அப்டேட். திரும்ப எடுத்ததுல 221. லேப் தப்பு இல்ல. எனக்கு பெரிய டோஸ் ஆரம்பிச்சாச்சு, அம்மாவுக்கும் அண்ணனுக்கும் டெஸ்ட் எழுதிருக்காங்க. அண்ணன் வர மாட்டேன்றான், எனக்கு ஒண்ணும் இல்லடா நல்லாதான் இருக்கேன்றான்.

காசிமேடு_எறா | காலை 9.04

அண்ணன் நம்பர குடு. நான் பேசுறேன்.